ஹெல்சின்கி – டோக்கியோ: தூரம் ஒன்று, நேரம் பல

2025 ஜனவரி 8

உலக உருண்டை மேல் நூல் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனை பின்லாந்தின் ஹெல்சின்கியில், மறுமுனை டோக்கியோவில். இழுத்து இறுக்கினால் நூல் கஜகஸ்தான், மங்கோலியா பக்கம் போகவில்லை. வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி, சைபீரியா வழியாக இறங்குகிறது. தட்டையான வரைபடத்தில் கோடு போட்டுப் பழகிய கண்ணுக்கு இது சுற்றுவழி போலத் தெரியும். ஆனால் இதைவிடக் குறுகிய வழி கிடையாது. இதுதான் பெருவட்டப் பாதை.

ஜனவரி 9

சரி, கணக்கு. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு கோணம் என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே ஏறக்குறைய 70 டிகிரி. டிகிரிக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கி.மீ. பெருக்கினால் சுமார் 7,800 கி.மீ. வருகிறது.

மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் எட்டு மணி நாற்பது நிமிடம். விமான அட்டவணையில் இந்த நேரம் இருக்காது. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறுபக்கம் போய் நிற்கும் வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

ஜனவரி 13

இன்று முழுக்கக் காற்றுதான். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் பாயும் ஜெட் காற்றோட்டத்தை 1920-களில் பலூன் பறக்கவிட்டு அளந்து எழுதியவர் ஜப்பானின் வசபுரோ ஓயிஷி. அதுவும் எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பராண்டோ மொழியில்! அவருடைய ஆய்வகம் இருந்த டடேனோ, டோக்கியோவுக்கு வடகிழக்கே பக்கத்திலேயே இருக்கிறது.

போகும்போது தள்ளிவிடும் காற்று வரும்போது தடுக்கும், ஆக மொத்தம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அதே மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 5,400 கி.மீ. தூரத்தை எடுத்துக்கொள்வோம். காற்றே இல்லையென்றால் போக ஆறு, வர ஆறு, மொத்தம் 12 மணி நேரம். 100 கி.மீ. வேகக் காற்று இருந்தால் போக 5 மணி 24 நிமிடம், வர 6 மணி 45 நிமிடம். கூட்டினால் ஒன்பது நிமிடம் அதிகம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால் லாபத்தைவிட நஷ்டம் கூடுகிறது. எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜனவரி 14

பயணச்சீட்டில் இருக்கும் இரண்டு நேரங்களை அப்படியே கழிக்கக் கூடாது. இரண்டும் உள்ளூர் நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ ஏழு மணி நேரம் முன்னால், கோடையில் ஆறு.

ஜனவரி 22

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி வரை இந்தப் பயணம் ஒன்பதரை, பத்து மணி நேரம். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பின்லாந்து விமானங்களுக்கு மூடப்பட்டது. இப்போது சுமார் 13 மணி நேரம். அன்றைய காற்றைப் பார்த்து தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ, வடதுருவம், அலாஸ்கா பக்கமாகவோ சுற்றுகிறார்கள். 7,800 கி.மீ. அப்படியேதான் இருக்கிறது; அந்த வழியில் போக அனுமதிதான் இல்லை.

இது புதிதும் அல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மூடியிருந்தபோது, 1983-ல் பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் டிசி-10 விமானத்தை வடதுருவம் வழியாக எங்கும் நிற்காமல் டோக்கியோவுக்கு விட்டது. அப்போதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான்.

ஜனவரி 23

இணைப்பு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் தூரத்தை வேகத்தால் வகுத்து முடிவெடுக்காதீர்கள். அதே விமானம் சமீபத்திய நாட்களில் உண்மையில் எந்த வழியாகப் பறந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். திரும்பி வரும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள்.