கால் பவுன் எடையும் கடைசிப் பாட்டும்

பெரியப்பாவின் ரெக்கார்டு போடும் டர்ன்டேபிள் போன ஐப்பசியில் கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது. கூடவே எழுபது, எண்பது ரெக்கார்டு. பாதி எக்கோ லேபிள் ஒட்டிய இளையராஜா, மீதி நாதஸ்வரம். அட்டைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. மலை ஈரத்துக்கு அது சகஜம், துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாதது வேறொன்று. எந்தத் தட்டைப் போட்டாலும் முதல் பாட்டு சுத்தமாக இருக்கும்; கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறும்.

முள் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, முள் உட்காரும் நுனியான ஹெட்ஷெல்லை மட்டும் கழற்றிக்கொண்டு கீழே கோவைக்குப் போய், ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்ற, முள்ளோடு சேர்ந்த கார்ட்ரிட்ஜை மாட்டி வாங்கி வந்தேன். சீறல் குறைந்தது, போகவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. டர்ன்டேபிளைப் பார்க்காமல் அவர் எப்படிச் சரியான இடத்தில் மாட்டுவார்? ஸ்க்ரூ ஓடும் பள்ளத்தில் கார்ட்ரிட்ஜை முழுக்கப் பின்னால் தள்ளி முடுக்கியிருந்தார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ரெக்கார்டை வெட்டும் கருவி நேர்கோட்டில் நகரும்; முள்ளைத் தாங்கும் கையான நம் டோன்ஆர்மோ ஒரு மூலையில் கால் ஊன்றி வளைவாக வருகிறது. அதனால் முள், பாட்டு எழுதிய பள்ளத்துக்குச் சரியாக நேராக நிற்பது இரண்டே இடங்களில்தான். பரவலாகப் பயன்படும் கணக்கில் அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் வரும். மற்ற இடங்களில் கொஞ்சம் கோணல் இருந்தே தீரும். அந்தக் கோணல் கடைசிப் பாட்டில் ஏன் பெரிதாகக் கேட்கிறது? தட்டு சுற்றுவது எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ தடவைதான். ஆனால் வெளி ஓரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே வரும்போது 20 செ.மீ. சொச்சம்தான் ஓடுகிறது. அதே பாட்டை அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். முள் துளி கோணினாலும் சீறும்.

அந்த இரண்டு இடங்களையும் புள்ளியாகக் குறித்த, கோணம் பார்க்கும் தாளை குன்னூர் பெட்போர்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தேன். அரை நாள் அதோடு மல்லுக்கட்டினேன், எதுவும் பொருந்தவில்லை. பிறகு சந்தேகம் வந்து, தாளின் ஓரத்தில் 100 மி.மீ. என்று போட்டிருந்த கோட்டை மகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்தால் 97! பேப்பருக்குள் அடங்கும்படி மெஷின் சுருக்கியிருக்கிறது. மறுபடி ஓடினேன்.

சரியான தாள் வந்ததும் வேலை எளிதாகிவிட்டது என்று சொல்ல ஆசை. இல்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி, கார்ட்ரிட்ஜை ஒரு மயிரிழை முன்னே நகர்த்தி, முள்ளைப் புள்ளியில் இறக்கி, டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். உள் புள்ளி சரியானால் வெளிப்புள்ளி கோணும். முடுக்கும்போது மறுபடி நகரும். முள்ளின் மூடியைப் போட்டுவிட்டுத்தான் முடுக்க வேண்டும். இரண்டு தடவை மறந்தேன், சாமி புண்ணியத்தில் தப்பியது. இதில் ஒரு வயர் வேறு கழன்றது. சிவப்பும் பச்சையும் வலது, வெள்ளையும் நீலமும் இடது. புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்துச் செருகினேன். கடைசியில் கார்ட்ரிட்ஜ் மூன்று மி.மீ. முன்னே வந்து நின்றது.

அடுத்தது முள் தட்டை அழுத்தும் எடை. ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் ஆன்டி ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் இருக்கும் குண்டைத் திருகித் திருகி, ஆர்ம் தராசுமுள் போல அந்தரத்தில் நின்றதும் டயலைப் பூஜ்யமாக்கி, அங்கிருந்து 2 கிராம் வரை திருப்பினேன். இந்த முள்ளுக்கு 1.8 முதல் 2.2 வரை ஆகும். டயலை நம்பலாமா? புதிதாக வாங்கிய குட்டி டிஜிட்டல் தராசு 2.3 என்றது. சரி, தராசை நம்பலாமா? அதை எடுத்துக்கொண்டு தெரிந்த ஆசாரியிடம் போனேன்.

"ரெண்டு கிராம் படிக்கல் ஒண்ணு வெச்சுப் பாருங்கண்ணே."

"கால் பவுனா? யாருக்குத் தம்பி, மோதிரமா?"

முள்ளுக்கு என்றேன். அவர் காதில் அது மூக்குத்தியாக விழுந்திருக்க வேண்டும். டிசைன் புத்தகத்தை எடுத்துவிட்டார். தராசு சரியாகவே இருந்தது, டயல்தான் பொய். வீட்டுக்கு வந்து, தராசு ரெக்கார்டின் உயரத்துக்கே வரும்படி, தட்டுக்கு அடியில் விரிக்கும் மேட் விரிப்பை எடுத்துவிட்டு வைத்து, 2.0 காட்டும் வரை குண்டைத் திருகினேன். ஆன்டி ஸ்கேட்டும் 2.

இவ்வளவும் முடிந்து தட்டைப் போட்டால், மனைவி காபி கொண்டுவந்த நடையில் முள் துள்ளிக் குதித்தது. எங்கள் வீடு பழைய மரத்தரை. மேசையை எங்கே நகர்த்தினாலும் அதே கதைதான். கடைசியில் கருங்கல் சுவரில் ஆங்கிள் அடித்துப் பலகை போட்டு, டர்ன்டேபிளை அதில் ஏற்றி மட்டம் பார்த்தேன். இப்போது குழந்தைகள் ஓடினாலும் அசைவதில்லை.

சீறல் போய்விட்டது, ஒரே ஒரு தட்டைத் தவிர. அதன் இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு இன்னும் கரகரக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்தப் பாட்டின் இடம் மட்டும் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கிறது. தேய்ந்த முள்ளோடு பெரியப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்.