நியூட்ரல் அறுந்த இரவும் எங்கள் குளத்து மோட்டாரும்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் கோடை மழை வந்தால் தென்னை மட்டைகளையும் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் போகும். அந்த ஞாயிறு மாலை ஒரு மட்டை தெருவின் மின்கம்பிமேல் விழுந்தது. கூடத்து விளக்குகள் கண் கூசும்படி எரிந்தன. அதே நேரம் பூஜை அறையின் குண்டு பல்பு மங்கிச் சிவந்தது. மாடி மின்விசிறி இரைந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்குவதற்குள் ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். அப்போது எங்கள் வீட்டு நீச்சல் குளத்தின் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

ஓர் அறையில் வெளிச்சம் கூடி இன்னோர் அறையில் குறைந்தால் அது இடி மின்னலின் வேலை அல்ல, நியூட்ரல் அறுந்திருக்கிறது. எங்களுடையது மும்முனை இணைப்பு: ஃபேஸ் என்னும் மூன்று மின்கம்பிகளும் அவற்றுக்குப் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரலும் வரும். எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 400. நடுவில் நியூட்ரல் இல்லாமல் போனால் மூன்று ஃபேஸ்களின் சுமைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சுமை மிகுந்த ஃபேஸில் வோல்ட் சரியும். சுமை குறைந்த ஃபேஸில் 400ஐ நோக்கி ஏறும். தெருக் கம்பியிலேயே அறுந்ததால் மற்ற வீடுகளின் சுமையும் இதில் சேர்ந்துகொண்டது. குளிர்சாதனப் பெட்டி சரிந்த ஃபேஸில் இருந்ததால் பிழைத்தது. குளத்து மோட்டார் ஏறிய ஃபேஸில் இருந்தது.

மறுநாள் காலை லைன்மேன் கம்பியை இணைத்துக் கொடுத்த பிறகு மூன்று ஃபேஸையும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தேன்: 228, 231, 229. அதன் பிறகுதான் பம்ப் அறைக்குப் போனேன். மோட்டாரை நேரத்துக்குப் போட்டு நிறுத்தும் டைமரில் உயிர் இல்லை. மூடியைக் கழற்றினால் கருகிய வாடை. கண்ணாடி ஃப்யூஸ் உள்ளே கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் வட்டமாக, நீல நிறத்தில் இருக்க வேண்டிய வாரிஸ்டர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. 14டி471கே என்ற எழுத்துகளை மட்டும் படிக்க முடிந்தது. அது 300 வோல்ட் வரை தாங்கும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத மின் எழுச்சியை விழுங்கத்தான் அதைப் படைத்திருக்கிறார்கள். முழு நிமிடம் நின்ற அதிக வோல்ட்டை எதிர்கொண்டால் அது தன்னையே எரித்துக்கொள்ளும்.

டைமரை ஒதுக்கிவிட்டு மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தேன். குளத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, முதலில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். தண்ணீர்ப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகியது, சுற்றவில்லை. ஐந்து நொடியில் நிறுத்தினேன்.

எங்களுக்குப் பழக்கமான எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னதும், “காயில் கருகியிருக்கும் சார். கழற்றிக் கொண்டுவாருங்கள், புதுக் காயில் கட்டிவிடலாம்” என்றார். கோவையில் காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், கட்டும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் காயில் கருகினால் வரும் வார்னிஷ் வாடை மோட்டாரில் இல்லை. “அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா” என்றேன்.

மின்சாரத்தைத் துண்டித்து, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பேரிங்கும் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் சிக்கவில்லை. முனகல் இருக்கிறது, தண்டு தளர்வாக இருக்கிறது, சுற்ற மட்டும் தொடங்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரை. அது இருக்கும், கூடாரம் போன்ற பெட்டியைத் திறந்தேன். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. முனைகளை ஒரு பல்பு வழியாக இணைத்து மிச்ச மின்னூட்டத்தை இறக்கிவிட்டு அளந்தேன். மேலே 25 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 6.3 காட்டியது.

இது ஏன் முதலில் போகிறது என்பது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. 230 வோல்ட் லைனுக்கு 440 வோல்ட் கெப்பாசிட்டர் எதற்கு? மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டிங் காயிலும் கெப்பாசிட்டரும் தொடராக நிற்கின்றன; அதனால் கெப்பாசிட்டரின் முனைகளில் லைன் வோல்ட்டைவிட அதிகமாகவே நிற்கும். 230க்கே அப்படியென்றால், லைன் 400ஐ நெருங்கும்போது 440 எப்படித் தாங்கும்?

காயிலையும் விடவில்லை. பொது முனைக்கும் ரன்னிங் முனைக்கும் இடையே 4.1 ஓம்; பொது முனைக்கும் ஸ்டார்ட்டிங் முனைக்கும் இடையே 8.6, மீதி இரண்டு முனைகளுக்கிடையே 12.7. முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவது. காயில் எங்கும் அறுபடவில்லை. ஆனால் ஓம் கணக்கு மட்டும் போதாது. கம்பியின் காப்பு உறை கருகி மோட்டார் உடலோடு ஒட்டியிருந்தால் மல்டிமீட்டருக்குத் தெரியாமல் போகலாம். கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காப்பு உறையைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் வாங்கிவந்து காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளந்தேன்: 80 மெகாஓம். ஒன்றுக்குக் கீழே போனால்தான் கவலை. அந்த எண்ணைப் பார்த்தபோது உண்மையாகவே மனம் நிறைந்தது.

புதன்கிழமை ஒரு தவறு செய்தேன். கடையில் 25 இல்லை, 36 இருந்தது. பெரியதாக இருந்தால் இன்னும் வேகமாகக் கிளம்பும் என்று நினைத்து வாங்கிவந்து மாட்டினேன். கிளம்பவும் செய்தது. கிளாம்ப் மீட்டரில் 6.9 ஆம்பியர், மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதோ 5.6. இருபது நிமிடத்தில் உடலில் கை வைக்க முடியாத சூடு. கெப்பாசிட்டர் பெரிதானால் ஸ்டார்ட்டிங் காயில் வழியாக ஓயாமல் கூடுதல் மின்னோட்டம் போகும். கருகாமல் தப்பிய காயிலை நானே கருக்கியிருப்பேன். உடனே நிறுத்தினேன். மறுநாள் டவுன்ஹால் பக்கம் இன்னொரு கடையில் 25 கிடைத்தது. மாட்டியதும் 5.2 ஆம்பியர். ஒரு மணி நேரம் ஓடியும் சூடு அளவோடு இருந்தது.

இதற்குள் தண்ணீர் பச்சை கட்டத் தொடங்கியிருந்தது. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம், 21,600 லிட்டர். சுழற்சி நின்ற வெயில் காலத்துத் தண்ணீரில் குளோரின் தங்குவதில்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் குளத்தில் ஊற்றி, நீண்ட பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்தேன். என் மகள் கரையில் உட்கார்ந்து, “இன்னும் எத்தனை நாள் அப்பா?” என்று தினமும் கேட்டாள். அவள் இந்தக் குளத்தில்தான் நீந்தக் கற்றாள். வேலையை வேறு யாரிடமும் விடாமல் நானே பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மோட்டார் ஓடிய முதல் நாள் பம்ப்பின் வடிகட்டிக் கூடை மூடிக்குக் கீழே காற்றுக் குமிழிகள் வந்தன. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தது. சிலிகான் கிரீஸ் தடவியதும் நின்றது.

இனி இப்படி நேராமலிருக்க என்ன செய்வது என்று கேட்டால், சர்ஜ் புரொடெக்டர் என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். மின்னலுக்கு அது வேண்டும். நியூட்ரல் அறுந்தால் அதற்கும் அந்த வாரிஸ்டரின் கதிதான். தேவைப்படுவது வோல்ட்டைக் கவனித்து, எல்லை மீறினால் இணைப்பையே துண்டிக்கும் ரிலே. ஒன்று வாங்கி மோட்டாருக்கு முன்னால் பொருத்தினேன். மேல் எல்லை 270, கீழ் எல்லை 180; வோல்ட் சீரான பிறகும் மூன்று நிமிடம் காத்திருந்துதான் திரும்ப இணைக்கும். கீழ் எல்லையும் முக்கியம்: வோல்ட் குறைந்தால் மோட்டார் கிளம்பாமல் முனகியபடியே சூடேறும்.

டைமர் இன்னும் மேசைமேல் கிடக்கிறது. புது வாரிஸ்டரும் ஃப்யூஸும் போட்டும் உயிர் வரவில்லை. பலகையில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைக் காயில் அறுந்திருப்பதை நேற்றுக் கண்டுபிடித்தேன். அதே அளவில் ஒன்று கிடைக்கும்வரை காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று கையால்தான் போட்டு நிறுத்துகிறேன். இன்று காலை அளவு 5.1 ஆம்பியர், குளோரின் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்). ஆழமான பக்கத்தின் அடித்தளத்து ஓடுகளுக்கு இடையேயுள்ள கோடுகள் மறுபடியும் தெரிகின்றன.