சுண்ணாம்புக் கம்பத்து மெதடிஸ்ட் கோயில்

“கம்போங் காப்போர்னா எனக்கு எங்கே தெரியும்? சுண்ணாம்புக் கம்பம்னு சொல்லு” என்றார் அத்தை. மலாய் மொழியில் கம்போங் என்றால் கிராமம், காப்போர் என்றால் சுண்ணாம்புதான். சிங்கப்பூரில் தேக்காவில் பிறந்து வளர்ந்தவர் அவர். தினமும் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருக்கும் மெதடிஸ்ட் கிறிஸ்தவக் கோயில் வாசலைத் தாண்டித்தான் போனாராம். ஒருநாளும் உள்ளே நுழைந்ததில்லை. “அது பாபாமார் கோயில். நமக்கும் அதுக்கும் என்ன?” பாபாமார் என்றால் மலாய் பேசும் சீன வம்சத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வீராசாமி ரோட்டைத் தாண்டினால், கடைவீடுகளுக்கு நடுவே வெள்ளையாக நிற்கிறது. ஆராதனை முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் சூடேறிய சுவரில் அத்தை உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கட்டடம் 1930இல் எழுந்தது. சபை அதற்கும் மூத்தது: 1894இல் மிடில் ரோட்டில், பாபாமாருக்குப் புரிகிற மலாயில் ஆராதனை நடத்தித் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண். 1989இல் அரசு இந்தக் கட்டடத்தைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம், சுற்றிலும் எவ்வளவோ இடிந்து எழும்பிவிட்டது.

ஆனால் அத்தையிடம் நான் சொல்ல நினைத்தது வேறு. பிளாக்மோர் சிங்கப்பூரில் வந்து இறங்கியது 1887 ஜூலையில். அடுத்த மாதமே ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் பள்ளிக்கூடம் திறந்தார். பிள்ளைகள் மொத்தம் 9 பேர். எல்லாரும் தமிழ்ப் பெண்கள். எங்கள் பெண்களும் படிக்கட்டும் என்று தமிழ் வியாபாரிகள் சிலர் கை கொடுத்ததால் நடந்தது அது. தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றுதான் பெயர். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில், அந்த 9 பேரையும் அனுப்பி வைத்த வீடுகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

“அப்போ நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாதான் இதையும் ஆரம்பிச்சாங்களா?” அத்தை இரண்டு தடவை கேட்டார்.

அப்புறம் அவரே ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போகலாம் என்றார். முழங்கால் வலியோடு, நின்று நின்று நடந்தோம். அந்தத் தெருவில் இன்றும் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. உள்ளே கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.