கூழாங்கல் பதிந்த ஓவியம்

மழை தூறிக்கொண்டிருந்தது. அக்காடெமியா துறையில் படகைவிட்டு இறங்கி, குறுகிய சந்துகளில் நடந்து பெக்கி குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், கதவு சாத்தியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான் வெனிஸுக்கு வந்ததே அங்கிருக்கும் ஒரே ஓர் ஓவியத்தைப் பார்க்கத்தான். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1947ல் வரைந்த ‘ஆல்கெமி’. தமிழில் சொன்னால், ரசவாதம்.

சரி, நாளைக்கு வரலாம் என்று சின்னச் சின்னப் பாலங்களாக ஏறி இறங்கி ஃப்ராரி தேவாலயத்துக்குப் போனேன். போனது நல்லதாயிற்று. அங்கே பலிபீடத்துக்கு மேலே வெனிஸ் ஓவியர் டிஷியனின் மரியாள் விண்ணேற்பு ஓவியம் இருக்கிறது. 1518ல் திறந்துவைத்த எண்ணெய் ஓவியம், உயரம் கிட்டத்தட்ட 7 மீட்டர். தூரத்தில் நின்று பார்க்கும்போது உருவங்கள் பிடிபடும் முன்பே சிவப்பு வந்து கண்ணில் நிற்கிறது.

அந்தக் காலத்து ஓவியர்களிடம் இருந்த முக்கியமான சிவப்புகளில் ஒன்று வெர்மிலியன். பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் முதலில் வருவது கன்னங்கரேலென்ற பொடி. அதைச் சூடாக்கி ஆவியாக்கி மறுபடி படியவிட்டால் சிவப்பு. புதிதாக எதுவும் சேர்வதில்லை. இரண்டும் ஒரே சேர்மம், உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. ரசவாதம் என்ற சொல்லில் இருக்கும் ‘ரசம்’ இந்தப் பாதரசம்தானே. ஐரோப்பிய ரசவாதிகள் தங்கள் வேலையைக் கருமை, வெண்மை, செம்மை என்று படிகளாகப் பிரித்தார்கள். உலைக்குள் தாங்கள் கண்டதாக அவர்கள் எழுதிவைத்ததில் அவர்களுடைய மனமும் கலந்திருக்கிறது என்றார் உளவியலாளர் கார்ல் யுங். 1944ல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். சென்ற வருடம் முழுக்க ஒரு மனநல ஆலோசகரின் அறையில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். முதல் மாதங்களில் வாயே திறக்க வராது. யுங்கைப் படித்ததும் பொல்லாக்கிடம் வந்து சேர்ந்ததும் அப்போதுதான்.

ஏனென்றால் பொல்லாக்குக்கும் பேச வரவில்லை. குடியிலிருந்து மீள்வதற்காக 1939ல் நியூயார்க்கில் யுங் வழியில் சிகிச்சை தந்த ஜோசஃப் ஹெண்டர்சனிடம் போனார். பேச்சு நகராதபோது வரைந்த தாள்களை எடுத்துப் போய்க் காட்டினார். அப்படிச் சேர்ந்த கோட்டோவியங்கள் 80க்கும் மேல். மனிதர்கள், குதிரைகள், பாம்புகள், பாதி மிருகங்கள். எட்டு வருடம் கழித்து வரைந்த ‘ஆல்கெமி’யில் அந்த உருவங்களில் ஒன்றுகூட இல்லை.

புதன்கிழமை கதவு திறந்ததும் முதல் ஆட்களில் ஒருவனாக உள்ளே போனேன். அருங்காட்சியகம் இருக்கும் மாளிகைக்கு ஒரே ஒரு தளம்தான். 18ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முடிக்காமலே விட்டது. கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் 30 வருடம் இங்கேதான் வாழ்ந்தார். 1943ல் மாதம் 150 டாலர் என்று ஒப்பந்தம் போட்டுப் பொல்லாக்கை வரைய வைத்தவர் அவர். மற்ற அறைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே போய் ஓவியத்தின் முன் நின்றேன்.

அகலம் 2 மீட்டருக்கு மேல், உயரம் 1 மீட்டருக்குச் சற்று மேல். தள்ளி நின்றால் சாம்பல் நிறப் புதர் மாதிரி இருக்கிறது. கிட்டே போனால்தான் அடுக்குகள் பிரிகின்றன. அலுமினியப் பூச்சின் மங்கிய வெள்ளி, அதற்குள் புகுந்து வெளியே வரும் கறுப்பு, டியூபிலிருந்து நேரே பிதுக்கிய தடித்த வெள்ளை, இடையிடையே மஞ்சளும் சிவப்பும். எண்ணெய் வண்ணத்தோடு எனாமல் பெயின்ட், மணல், நார், மரத்துண்டு, கூழாங்கல் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. ஓர் இடத்தில் வண்ணம் குட்டையாகத் தேங்கிக் காய்ந்து, மேல் தோல் சுருங்கியிருந்தது, காய்ச்சிய பாலின் ஆடை போல.

கருமையில் தொடங்கிப் பொன்னொளியில் முடியும் ஓவியங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனமாற்றம் என்றால் அப்படித்தான் வரைகிறார்கள். எனக்கு அவை ஒட்டுவதில்லை. இதில் மேலே, கீழே, முதலில், கடைசியில் என்று எதுவும் கிடையாது. எல்லா நிலைகளும் ஒரே நேரத்தில் கிடக்கின்றன. கறுப்பு எங்கும் போய்விடவில்லை. ஓர் இடத்தில் அடியில், இன்னோர் இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே. ஆலோசகரின் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு வருடம் எனக்கு இப்படித்தான் இருந்தது. பொல்லாக்கும் பிறகு கொஞ்ச காலம் குடிக்காமல் இருந்தார், 1950ல் மறுபடி தொடங்கினார், 1956ல் கார் விபத்தில் இறந்தார். அது தெரிந்துதான் அதன் முன் நின்றேன். ஓவியம் எனக்குக் குறைந்துவிடவில்லை.

2013ல் இதைச் சுத்தம் செய்ய ஃப்ளாரன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். இத்தனை மேடு பள்ளத்துக்குள் தூசி இறங்கினால் எப்படி எடுப்பது? 2015ல்தான் மறுபடி வெனிஸில் காட்சிக்கு வந்தது.

மதியம் கிளம்பும் முன் திரும்பவும் போய், காலையில் பார்த்த கூழாங்கல்லைத் தேடினேன். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று அதன் மேல் ஏறி இறங்கிப் போயிருந்தது.