கைட் சர்ஃபிங்: பலகைக்கு முன்னால் காற்று

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்கிறேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பலகை மேல நிக்க வந்துடுச்சா?" வந்துவிட்டது, இப்போதைக்கு வலது பக்கம் மட்டும். ஆனால் பலகையைத் தொடாமல் பட்டத்தோடு மட்டுமே கழித்த நாட்களில்தான் இந்த விளையாட்டின் பெரும்பகுதியைக் கற்றேன். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

இடம் இராமேஸ்வரம். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடபக்கத்தைப் பெண் கடல் என்றும், அலையடிக்கும் தென்பக்கத்தை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள். கோடையிலிருந்து தென்மேற்குக் காற்று, மழைக்காலம் ஓய்ந்ததும் வடகிழக்குக் காற்று என்று ஆண்டில் இரண்டு பருவங்கள் கிடைக்கின்றன. நான் போனது ஆடியில். அம்மியே பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! தனுஷ்கோடிப் பக்கம் நீளும் மணல்வெளியில் மறிக்கப் பெரிதாக எதுவும் இல்லை, காற்று சிதறாமல் வருகிறது. கரையோரத்தில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். விழுந்தால் கால் எட்டும் என்பது புதியவருக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

முதல் பாடம் கரையில், வெறுங்கையோடு. காற்றுக்கு முதுகு காட்டி நின்று, எதிரே ஒரு பாதிக் கடிகாரத்தைக் கற்பனை செய்ய வேண்டும். தலைக்கு நேர் மேலே 12 மணி, இடக்கைப் பக்கம் 9, வலக்கைப் பக்கம் 3. இந்த விளிம்புகளில் பட்டம் இருக்கும்வரை இழுப்பு குறைவு. நமக்கு நேர் எதிரே, காற்று ஓடும் திசையில் தாழ இறங்கினால் முழு பலத்தோடு இழுக்கும். மேலே ஏற்றுவதும் இறக்குவதும் எப்போதும் விளிம்பில்தான். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் புதியவர் இறங்கவே கூடாது, பட்டம் ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். கடலிலிருந்து சாய்வாகக் கரைக்கு வரும் காற்றே நமக்கு ஏற்றது.

இன்னொரு கணக்கும் மனதில் நிற்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர் வேகம்) காற்றில் சாதுவாக இருக்கும் பட்டம் 24 நாட் காற்றில் ஆளைத் தூக்கிவிடும். அதனால்தான் ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் தேவைப்படுகின்றன. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 15 நாட் அளவில் 12 சதுர மீட்டர், 20 நாட் தாண்டினால் 9 சதுர மீட்டர் என்பது தோராயமான கணக்கு.

அடுத்தது 'பார்', அதாவது பட்டத்தின் கயிறுகள் வந்து சேரும் கைப்பிடிக் கம்பி. இடுப்பில் கட்டிய ஹார்னஸ் என்ற பட்டையின் கொக்கியில் பட்டத்தின் இழுப்பு முழுவதும் விழுகிறது, கைகள் திசை மாற்ற மட்டுமே. பாரை நம் பக்கம் இழுத்தால் பலம் கூடும், தள்ளினால் குறையும், முழுக்க விட்டுவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். கேட்க எளிது. ஆனால் பயத்தில் யாருமே கையில் இருப்பதை இறுகப் பிடிக்கத்தான் செய்வோம், இங்கே அந்தப் பிடியே ஆபத்து. பட்டம் ஒரு பக்கம் பாய்ந்த ஒவ்வொரு முறையும் பயிற்சி தந்த தம்பி கத்தியது இதைத்தான்: "அண்ணே, கைய விடுங்கண்ணே!" மாடியில் காத்தாடி விட்டு வளர்ந்த கைக்கு நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் உண்டு, அதை மறக்கடிக்கவே நாளாயிற்று. பிறகு ஒரு காலையில் இரண்டு விரல்களால் மட்டும் பாரைத் தொட்டபடி பட்டத்தை 11க்கும் 1க்கும் இடையே மெல்ல ஆட்ட முடிந்தது. பாரில் வரும் சின்ன அதிர்வை வைத்தே, நிமிர்ந்து பார்க்காமல் பட்டம் எங்கே இருக்கிறதென்று சொல்ல முடிந்தது. பலகையில் எழுந்ததை விட அந்தக் காலைதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு பலகை இல்லாமல் தண்ணீரில் இழுபடும் பயிற்சி, பாடி டிராகிங். இதை அலுப்பென்று தாண்டிப்போகிறவர்கள் உண்டு, தாண்டவே கூடாது. விழும்போது பலகை பின்தங்கிவிடும், பட்டமோ நம்மைக் காற்றோடு கொண்டுபோகும். பலகையைக் கயிற்றால் கட்டிக்கொண்டால் அது தெறித்து வந்து மண்டையில் அடிக்கலாம். ஆகவே ஒரு கையைத் தண்ணீருக்குள் நேராக நீட்டி, உடம்பைப் பக்கவாட்டில் விறைத்து, பட்டத்தை 45 பாகையில் நிறுத்தி, காற்றுக்கு எதிராகக் கோணல்மாணலாகப் போய்த்தான் எடுக்க வேண்டும். வாயெல்லாம் உப்பு. சொறி மீன் வரும் காலத்தில் முழுக்கை உடை கட்டாயம்.

பட்டம் தண்ணீரில் விழுந்தாலும் மூழ்குவதில்லை, முன்விளிம்பில் பம்ப் வைத்துக் காற்றடைத்திருப்பதால் மிதக்கும். ஒரு பக்கக் கயிற்றைப் பொறுமையாக இழுத்தால் விளிம்புக்கு நகர்ந்து தானே எழும்பும். 1984இல் பிரான்ஸின் லெகெஞ்யூ சகோதரர்கள் இந்தக் காற்றடைத்த வடிவத்துக்குக் காப்புரிமை கோரினார்கள். கடலில் தனியாக நின்று பட்டத்தை மறுபடி எழுப்பும்போதெல்லாம் அவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பலகை கடைசியில்தான். மல்லாந்து மிதந்தபடி கால்களைப் பட்டைகளில் நுழைத்து, முழங்காலை மார்போடு மடக்கி, பட்டத்தை 11க்கு அனுப்பி, அங்கிருந்து 2 மணிப் பக்கம் வேகமாக இறக்கினால் பட்டமே எழுப்பிவிடும். நாமாக எழுந்தால் முகம் குப்புறத்தான். முன்காலைச் சற்று நீட்டி, பின்காலில் எடை வைத்து, போகும் திசையைப் பார்க்க வேண்டும், பலகையைப் பார்க்கக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக மார்செய் கடலில் நடந்த போட்டியைப் பார்த்தவர்கள் தண்ணீருக்கு மேலே பறந்துபோகும் பலகையை எதிர்பார்ப்பார்கள். அது அடியில் இறக்கை பொருத்திய ஃபாயில் பலகை, வேறு கட்டம். நாம் தொடங்குவது இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும் இருமுனைப் பலகையில்.

தொடங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டம், பார் எதையும் முதலில் வாங்காதீர்கள், பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் சரி. ஆபத்தில் பட்டத்தின் இழுப்பை உடனே விடுவிக்கும் குவிக் ரிலீஸைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கப் பழகுங்கள். கயிற்றைப் பாரில் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடைந்து, அதையே படகின் பாய்போலப் பிடித்துக் கரை சேரும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மீன்பிடி வலை கிடக்கும் பக்கம் போகாதீர்கள், அது அந்த ஊரின் பிழைப்பு.

எனக்கு இன்னும் காற்றுக்கு எதிராக ஏறத் தெரியவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பலகையைக் கக்கத்தில் இடுக்கி, பட்டத்தை 12இல் நிறுத்தி, தொடங்கிய இடத்துக்கு நடந்தே திரும்புகிறேன். இடது பக்க ஓட்டமும் பாக்கி. தை பிறந்ததும் வாடைக்காற்றில் அந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.