கட்டைகளுக்கு அடியில் கம்பளி

ஜூன் 14, 2025, சனி

ஆர்மோனியத்தின் மேல்பலகையை இன்று கழற்றினேன். கட்டைகளுக்கு அடியில் ஓடும் ஃபெல்ட் நாடா (நெய்யாமல், இழைகளை இறுக்கியே செய்த தடித்த துணி) இருந்த இடத்தில் பழுப்புத் தூளும் சில கந்தல்களும்தான் மிச்சம். பூச்சி தின்றிருக்கிறது. பிள்ளைகள் வாசிக்கும்போது சுரத்தோடு சேர்ந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் வருவதன் காரணம் புரிந்துவிட்டது. கட்டையை அழுத்தினால் அதன் பின்முனை உயர்ந்து காற்றுத் துளை திறக்கும். முன்முனை கீழே இறங்கி ஃபெல்டின் மேல் மெத்தென்று நிற்க வேண்டும். இப்போது மரம் மரத்தில் இடிக்கிறது.

கடைகளில் கைவேலைக்கென்று விற்கும் வண்ண ஃபெல்ட் பெரும்பாலும் பொலியெஸ்டர். அதை ஒட்டிய பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். விரலடி பட்டுப் பட்டுத் தட்டையாகிவிடும், பிறகு எழாது. கம்பளி எழும். அலுமாரியின் மேல்தட்டில் மெல்பேர்ணிலிருந்து வந்த தங்கை போன வருடம் விட்டுச்சென்ற வெள்ளை மெரினோ ஆட்டுக் கம்பளி இருக்கிறது; நூலாக்காமல் சீவி மட்டும் வைத்தது. "அக்கா, நனைத்துத் தேய்த்தால் துணியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று நான் காது கொடுக்கவில்லை. திருகோணமலை வெயிலில் கம்பளி எதற்கு என்றிருந்தது. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்ததால் பூச்சி தொடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தங்கையோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். ஒவ்வொரு கம்பளி இழையின் மேலும் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் அவை சற்று விரியும். அசைக்க அசைக்க இழை தன் வேர்ப்பக்கமாக நகர்ந்து பக்கத்து இழைகளுக்குள் புகும். செதில்கள் மாட்டிக்கொள்வதால் வந்த வழியே திரும்பாது. நெசவு இல்லை, தையல் இல்லை, பசையும் இல்லை. இறுகிய பிறகு பிரிக்க நினைத்தாலும் முடியாது.

அதனால் எல்லாக் கம்பளியும் உதவாது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று எழுதியிருக்கும் கம்பளி நூலில் செதில்களைத் தேய்த்தோ மேலே பூச்சிட்டு மூடியோ விடுகிறார்கள். அதை நாள் முழுவதும் பிசைந்தாலும் இறுகாது. 'வுல்' என்ற பெயரில் கடையில் கிடைக்கும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். சந்தேகமென்றால் ஒரு சிறு இழையைத் தீயில் காட்டலாம். கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கல்போன்ற மணியாகும். உள்ளூர் ஆட்டிடம் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: யாழ்ப்பாணச் செம்மறியின் உடம்பில் இருப்பது குட்டை மயிர். அந்த ஆடு இறைச்சிக்கு ஆகும், இதற்கு ஆகாது.

ஜூன் 18, புதன்

தண்ணீர்தான் முதல் வில்லங்கம். எங்கள் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. அதில் சவர்க்காரம் நுரைக்காது. வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து மிதக்கும், அந்தப் பிசுக்கு கம்பளியில் ஒட்டிக்கொண்டால் அலசிப் போகாது. குழாய் நீரில் நன்றாக நுரைக்கிறது. சலவைத்தூள் வேண்டாம், கட்டிச் சவர்க்காரம் போதும்: தேங்காய்த் துருவலைப் போலச் சீவி, ஒரு மேசைக்கரண்டியை ஒரு லீற்றர் சுடுநீரில் கரைத்து வைத்தேன். விரல்கள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் நுரை மலைபோல எழக்கூடாது. நுரை கூடினால் இழைகள் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும்.

சூடு, கை தாங்கும் அளவு. கேத்தல் திரும்பத் திரும்பக் கொதிப்பதைப் பார்த்த அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலாகச் சொன்னார்: "பிள்ளை, இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஒரு வாளியோடு கன்னியாவுக்குப் போயேன்." கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, தேடினால் எனக்கேற்றதும் இருக்கும். ஆனால் தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லும் இடத்தில், இறந்தவர்களுக்கான அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சவர்க்காரம் போட்டுக் கம்பளி பிசைந்தால் மாமிதான் முதலில் திட்டுவார்.

ஜூன் 22, ஞாயிறு

எவ்வளவு சுருங்கும் என்று அறிய முன்மாதிரிச் சதுரம் ஒன்று செய்தாயிற்று. தனியாக அல்ல. ஞாயிறு இசை வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போக மனமில்லாத மாணவி ஒருத்தி உடன் இருந்தாள்.

கச்சான் காற்று வீசும் நேரம் இது. உலர்ந்த மெரினோ மூச்சுக்கே பறக்கும். யன்னல்களைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்தினோம். ஜூன் மாத மத்தியானத்தில் அதுவே ஒரு விரதம். சாப்பாட்டு மேசையில் பொலித்தீன் விரித்து, 20 செ.மீ. சதுரத்தைப் பேனையால் வரைந்தேன். சமையல் தராசில் 12 கிராம் கம்பளியை நிறுத்து நான்கு பங்காக்கினேன். அடுக்குக்கு 3 கிராம். நிறுக்காமல் கண்மட்டத்தில் வைத்தால் ஓரிடம் தடித்தும் ஓரிடம் ஒட்டடையாகவும் வரும். விரிப்புக்கு அது அழகாகக்கூட இருக்கலாம், ஆர்மோனியக் கட்டைக்கு ஆகாது.

இழுக்கும் விதம் முக்கியம். நீண்ட கம்பளித் திரியை இடக்கையால் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, வலக்கை விரல்களால் நுனியை மட்டும் பற்றி இழுத்தால் மெல்லிய இறகு ஒன்று உருவி வரும். இரண்டு கையையும் கிட்டக் கிட்டப் பிடித்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஓர் இழையின் இரு முனைகளையும் நாமே பிடித்திருப்போம். முதல் அடுக்கில் எல்லா இழையும் இடமிருந்து வலம், ஒவ்வொரு வரிசையும் முந்தையதின் விளிம்பைக் கொஞ்சம் மூடியபடி. அடுத்த அடுக்கு மேலிருந்து கீழ். இப்படி மாற்றி மாற்றி நான்கு. முடிவில் உயரம் நான்கு விரல் இருந்தது. "இது எப்படி டீச்சர் நாடாவாகும்?" என்று அவள் சிரித்தாள்.

பழைய நுளம்பு வலைத் துண்டு ஒன்றை மேலே போர்த்தி, நடுவிலிருந்து சவர்க்கார நீரைத் தெளித்தோம். உள்ளங்கையை விரித்து நேர்கீழாக அழுத்த வேண்டும், அவ்வளவுதான். உள்ளே சிறைப்பட்ட காற்று 'புஸ்' என்று ஓரங்களால் வெளியேறும். வெள்ளைக் குவியல் பொசுக்கென்று அமுங்கி, சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாகக் கிடக்கும்.

கற்பவர்கள் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். ஈரமானதும் தேய்க்கக் கை பரபரக்கும். மாணவி ஒரு மூலையை வேகமாகத் தேய்த்தாள். மேலடுக்கு வலையோடு நகர்ந்து மடிப்பு விழுந்தது, சில இழைகள் வலைக் கண்களுக்குள் புகுந்து கோத்துக்கொண்டன. வலையை மெல்ல உரித்து, இழைகளைப் படிய வைத்துவிட்டு, அவளுக்குப் புரிகிற மொழியில் சொன்னேன்: வர்ணத்தை மெதுவான முதல் காலத்தில் பாடாமல் யாராவது வேகமான மூன்றாம் காலத்துக்குத் தாவுவார்களா? முதலில் அழுத்தம் மட்டும். பிறகு விரல் நுனியால், வலையின் மேல், கனமே இல்லாத சிறு வட்டங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் உள்ளங்கையின் பலம். அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கும். பிறகு எந்தப் பலமும் அதை ஒன்றாக்காது.

தேய்த்தது போதுமா என்று அறியக் கிள்ளிப் பார்க்கலாம். மேலே ஓர் இடத்தை இரு விரலால் கிள்ளித் தூக்க, தனி இழைகள் எழுந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். முழுத் துண்டும் சேர்ந்து எழுந்தால் அடுத்த வேலை.

அடுத்த வேலையில்தான் கோபத்தைக் காட்டலாம். வலையை எடுத்துவிட்டு, பார்சலில் வந்த குமிழ்ப் பொலித்தீனில் துண்டை வைத்து, துவாயைச் சுற்றி, முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் அதிகம் சுருங்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டைக் கால்வட்டம் திருப்பி வைத்தோம். கடைசியில் சுடுநீரில் முக்கிக் கழுவும் தொட்டிக்குள் ஓங்கி எறிந்தோம். மாணவிக்கு இந்தக் கட்டம் மிகவும் பிடித்துவிட்டது. எறிய எறியத் துண்டு கண்ணெதிரே சிறுத்து, மேற்பரப்பில் நுண்ணிய சுருக்கங்கள் தோன்றின.

அடிமட்டத்தை வைத்தால் 14 செ.மீ. நூற்றுக்கு முப்பது சுருங்கியிருக்கிறது. தடிப்பு 3 மி.மீ., எனக்கு வேண்டியது அதேதான்.

ஜூன் 28, சனி

பெரிய துண்டு. ஆர்மோனியத்துக்கு 60 செ.மீ. நீளம் தேவை, அதை 0.7 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 86. அகலம் 15 வைத்தேன், 39 கிராம் கம்பளி. முன்மாதிரி செய்யாமல் நேரே 60 செ.மீ. விரித்திருந்தால் கையில் கிடைப்பது 42 ஆக இருந்திருக்கும்.

அடுக்குவதில் காலை முழுவதும் போனது. மற்றதைச் சுருக்கமாக எழுதிவிடலாம்: அழுத்தம், தேய்ப்பு, உருட்டல், எறிதல். முதுகு வலி. மிச்சச் சவர்க்காரம் கம்பளியைக் காலப்போக்கில் நொய்ய வைக்கும் என்பதால், நீர் தெளியும் வரை அலசி, கடைசி வாளியில் ஒரு கரண்டி வினாகிரி விட்டு ஊற வைத்தேன். முறுக்கிப் பிழியக் கூடாது. துவாய்க்குள் சுருட்டி மிதித்தால் நீர் இறங்கிவிடும். நேராக இழுத்துவிட்டு நிழலில் பரப்பினேன். காலையில் எதிரியாக இருந்த கச்சான் மாலைக்குள் உலர்த்தித் தந்தது.

சைபீரியாவின் அல்தாய் மலைகளில், பசிரிக் கல்லறைகளில் கிடைத்த ஃபெல்ட் திரைச்சீலை ஒன்று சென் பீட்டர்ஸ்பேர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். குதிரைமேல் வரும் வீரனின் மீசை வரை தெரிகிறது. கல்லறைக்குள் நீர் புகுந்து உறைந்துபோனதால் பிழைத்த துணி. உறைபனிக்கு நாம் எங்கே போவது? இங்கே பூச்சிதான் ஆயுளைத் தீர்மானிக்கும்.

ஜூலை 5, சனி

கூரிய பிளேடும் இரும்பு அடிமட்டமும் வைத்து 2 செ.மீ. அகல நாடாக்களாக வெட்டினேன். வெட்டுமுகத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம்: அடுக்கு எதுவும் தெரியாமல், மேலிருந்து கீழ் வரை ஒரே திரளாக இருந்தது. நூல் பிரியவில்லை, ஓரம் மடித்துத் தைக்கவும் வேண்டியதில்லை. பாரிஸில் பியானோ செய்துவந்த ஜான் ஹென்றி பாப் 1826இல் பியானோச் சுத்தியலுக்குத் தோலை விட்டு ஃபெல்டைக் கொண்டுவந்ததன் காரணம், கட்டையை இந்த நாடாவின் மேல் ஒருமுறை தட்டிப் பார்த்தால் விளங்கும். அடி விழுகிறது, ஓசை விழவில்லை.

பசையை ஃபெல்டில் தடவக் கூடாது. உறிஞ்சிக் காய்ந்தால் அதுவே பலகையாகிவிடும். மரத்தில், நீளவாக்கில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் இட்டு ஒட்டினேன்.

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி)

விடுமுறை. மாயாமாளவகௌளை ராகத்தை ஏற்றி இறக்கி வாசித்துப் பார்த்தேன். 'டக்' போய்விட்டது. மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கின்றன. அந்த இடத்தில் நாடா சற்றுத் தடிப்பு. பிளேடைப் படுக்க வைத்துச் சீவினால் சரியாகும்.

பூச்சிக்கு, காய்ந்த வேப்பிலையைச் சிறு துணிப் பையில் கட்டி, சுரம் எழுப்பும் உலோக நாக்குகளுக்கும் காற்றுத் துருத்திக்கும் படாத மூலையில் வைத்திருக்கிறேன். அதைவிட நம்புவது வேறொன்றை: மூடிவைத்த இருட்டுத்தான் கம்பளி தின்னும் பூச்சிக்குப் பிடித்த இடம், ஆகவே பெட்டியைத் தினமும் திறந்து வாசிப்பது.

முன்மாதிரிச் சதுரம் குசினிக்குப் போய்விட்டது. கம்பளி உருகாது, எளிதில் தீயும் பிடிக்காது; பால்சட்டியை இறக்கி வைக்க நல்ல சாமான். மாணவி தனக்கும் ஒன்று கேட்கிறாள். கம்பளி இருக்கிறது, 12 கிராம் நிறுத்துத் தருவேன். எறிவதற்கு மட்டுமல்ல, அடுக்குவதற்கும் அவளே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.