ஜன்னலைச் சுற்றியிருந்த இடைவெளி

இரண்டு குளிர்காலங்களாக எங்கள் படுக்கையறை ஜன்னலின் அடிச்சட்டத்தில் காலைதோறும் தண்ணீர் தேங்கி நின்றது. இன்று துடைத்தால் நாளை அதே இடத்தில் மீண்டும் நிற்கும். மூலையில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்து, மரச்சட்டத்தில் நகத்தை அழுத்தினால் அது உள்ளே இறங்கிய நாளில்தான், வீட்டின் ஜன்னல்கள் அனைத்தையும் மாற்றிவிடுவது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம்.

கடைகளுக்குப் போகும் முன் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்பினேன். அறையின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸாகவும் ஈரப்பதம் 50 விழுக்காடாகவும் இருந்தால், சுமார் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்ட எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். எங்களுடையவை இரட்டைக் கண்ணாடிதான் என்றாலும், இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் ஓரப்பட்டை அலுமினியத்தால் ஆனது. அது குளிரை நேராக உள்ளே கடத்தியதால்தான் ஈரம் எப்போதும் ஓரத்திலேயே தொடங்கியது. எனவே, ஓரப்பட்டை வெப்பம் கடத்தாத பொருளில் இருக்க வேண்டும் என்பதை எங்கள் முதல் நிபந்தனையாக எழுதி வைத்தோம்.

அடுத்தது யூ மதிப்பு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்ற அளவு. ஒற்றைக் கண்ணாடிக்கு இது 5.7 அளவில் இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8; கண்ணாடியின் மேல் மெல்லிய உலோகப் பூச்சும் இரண்டுக்கும் நடுவே ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.1 வரை இறங்கும். நல்ல மூன்றடுக்கில் 0.6 கூடக் கிடைக்கும். நாங்கள் அழைத்த முதல் விற்பனையாளர் இந்த 0.6 என்ற எண்ணைத்தான் பெரிதாகக் காட்டினார். அது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமா, சட்டமும் சேர்ந்த முழு ஜன்னலுக்குமா என்று கேட்டபோது அவரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. இத்தகைய கண்ணாடியின் நடுப்பகுதியைவிடச் சட்டத்திலும் ஓரத்திலும் குளிர் எளிதாக நுழையும் என்பதால், முழு ஜன்னலுக்கான எண்ணைத் தராத எவரிடமும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஒரு முறை அகலமும் உயரமும் அளந்துவிட்டு, அன்றிரவே கையெழுத்திட்டால் தள்ளுபடி உண்டு என்று அவர் அவசரப்படுத்தியதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் வேறு விதமாகத் தொடங்கினார். எங்கள் அனுமதி கேட்டு, மெல்லிய கத்தியால் உட்புற மரப்பட்டை ஒன்றை நெம்பி எடுத்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதில் திணித்திருந்த கண்ணாடிப் பஞ்சு கரி பூசியதுபோலக் கறுத்திருந்தது. பஞ்சு காற்றைத் தடுக்காது என்றும், பல ஆண்டுகளாக அதன் வழியே புகுந்த காற்று விட்டுச் சென்ற தூசிதான் அந்தக் கறுப்பு என்றும் அவர் விளக்கினார். எத்தனை அடுக்குக் கண்ணாடி போட்டாலும் இந்த இடைவெளி அப்படியே இருந்தால் பணம் வீண் என்பது அந்தக் கணத்தில் எனக்கு விளங்கியது. பின்னர் அவர் அகலத்தை மூன்று இடங்களிலும், உயரத்தை மூன்று இடங்களிலும், மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்தார். பழைய சட்டத்துக்குள்ளேயே புதியதைப் பொருத்துவது மலிவு; ஆனால் அடிச்சட்டம் உளுத்துப்போன இடத்தில் அப்படிச் செய்ய மாட்டேன், முழுவதையும் பெயர்த்தே ஆக வேண்டும் என்று உறுதியாகச் சொன்னார். வேலையை அவரிடமே ஒப்படைத்தோம்.

நகர்த்தித் திறக்கும் ஜன்னல்களைவிட, கீலில் திரும்பி ரப்பர் பட்டையை அழுத்தி மூடுபவை காற்றை நன்றாகத் தடுக்கும் என்பதால் அவற்றைத் தேர்ந்தெடுத்தோம். வெயில் நெடுநேரம் விழும் பக்கத்துக்கு மட்டும், சூரிய வெப்பத்தைக் கூடுதலாக உள்ளே விடும் கண்ணாடி. இடைவெளியை எதனால் அடைப்பது, சட்டம் அமரும் அடிப்பரப்பை வெளிப்புறமாகச் சாய்ப்பது, கண்ணாடிக்கும் வேலைக்கும் தனித்தனி உத்தரவாதம் ஆகிய அனைத்தையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகவே வாங்கினோம்.

பொருத்திய நாளில் ஒரு ஜன்னலை முடித்த பிறகே அடுத்ததைப் பெயர்த்தார்கள். ஆப்புக்கட்டை வைத்து, ரசமட்டம் பார்த்து, குறைவாக விரியும் நுரையை நிரப்பினார்கள். அதிகம் விரியும் நுரை சட்டத்தை வளைத்துக் கதவை இறுக வைத்துவிடும். ஒரே ஒரு பிழை நேர்ந்தது: சமையலறை ஜன்னலின் வெளிப்புறத்தில், மழைநீர் வடிவதற்கான சிறு துளைகளை உதவியாளர் சிலிகான் பூசி அடைத்துவிட்டார். சுட்டிக்காட்டியதும் அங்கேயே வெட்டித் திறந்து கொடுத்தார்கள். மாலையில் ஊதுபத்தியை ஏற்றி ஒவ்வொரு சட்டத்தின் ஓரமாகவும் நகர்த்திப் பார்த்தேன். எங்கும் புகை வளையாமல் நேராக எழுந்தது.

முதல் குளிர்காலத்தில் சில காலைகளில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பனித்துளி படிந்ததைக் கண்டு என் மனைவி பதறினார். உள்வெப்பம் வெளிக்கண்ணாடியை எட்டாததால் நேர்வது அது, குறையன்று. கவனிக்க வேண்டியது வேறொன்று: காற்றுக் கசிவு நின்றதால் வீட்டினுள் ஈரம் தங்கத் தொடங்கியது. இப்போது குளித்த பின்னும் சமைத்த பின்னும் காற்றை வெளியேற்றும் விசிறியை அரைமணி நேரம் ஓடவிடுகிறோம். படுக்கையறையின் அடிச்சட்டம் காய்ந்தே இருக்கிறது.